கையெழுத்துப் போடலாமா, டாக்டர்?

வளரிளம் பருவத்துப் பிள்ளைகள் தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொள்வது பற்றி உலகெங்கும் நடக்கும் ஆய்வுகளைக் குறித்துச் சென்ற இதழில் இரண்டு பத்தி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை, ஆசிரியரும் எதிர்பார்க்கவில்லை. பெரும்பாலானோர் பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகவே யாருக்கும் பெயர் இல்லை, ஊர் மட்டும்தான். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மகன் எட்டாம் வகுப்பு. அவனது பள்ளிக்கு ஓர் ஆய்வுக் குழு வரப்போகிறதாம். சம்மதப் படிவம் வந்திருக்கிறது. ‘உன்னை நீயே காயப்படுத்திக்கொண்டது உண்டா, சாக வேண்டும் என்று தோன்றியது உண்டா’ என்றெல்லாம் கேட்பார்களாம். சும்மா இருக்கிற பிள்ளையின் மனதில் இதை ஏன் போட வேண்டும்? மனைவி கையெழுத்துப் போடச் சொல்கிறாள். நான் மறுத்துவிட்டேன். யார் சொல்வது சரி? (திருச்சி வாசகர்)

உங்கள் மனைவி சொல்வதுதான்.

உங்கள் பயம் உங்களுக்கு மட்டும் உரியதல்ல. நான் படித்த காலத்தில் எங்கள் பேராசிரியர்களில் சிலருக்கே அது இருந்தது. அதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஆறு உயர்நிலைப் பள்ளிகள், 2,342 மாணவர்கள். பாதிப் பேருக்குத் தற்கொலை எண்ணம் பற்றிய கேள்விகள் அடங்கிய தாள், மீதிப் பேருக்கு அந்தக் கேள்விகள் இல்லாத தாள். இரண்டு நாள் கழித்து எல்லோரையும் மறுபடி கேட்டார்கள். கேள்வியைச் சந்தித்த பிள்ளைகளுக்கு மனவேதனை கூடவில்லை, சாகும் எண்ணமும் கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்த, முன்பு உயிரை மாய்த்துக்கொள்ள முயன்ற பிள்ளைகளுக்குக்கூடக் கேள்வியால் கெடுதல் வரவில்லை. சற்று இதமாகவே இருந்ததாகத் தெரிந்தது. மேடலின் கூல்டு தலைமையில் நடந்த இந்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. உங்கள் மகன் எட்டாம் வகுப்பு. நியூயார்க் மாணவர்கள் அவனைவிட மூத்தவர்கள். அந்த வித்தியாசத்தை மறைக்க மாட்டேன். ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்தச் சொற்கள் புதியவை என்று நீங்கள் நம்புவதாக இருந்தால், அவன் பள்ளி வேனில் ஒரு நாள் ஏறிப் பாருங்கள்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடச் சொல்லவில்லை. தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள். உங்கள் மகன் ‘ஆம்’ என்று ஒரு கட்டத்தில் டிக் செய்தால், அந்தத் தாளை யார் எப்போது பார்ப்பார்கள் என்று கேளுங்கள். இதுதான் முக்கியமான கேள்வி. அன்றைக்கோ மறுநாளோ ஒரு மனநல அலுவலர் அவனைத் தனியாக அழைத்துப் பேசுவார் என்ற பதில் வந்தால் நல்ல குழு. ‘எல்லாத் தாளையும் சேர்த்துப் பிறகு கணினியில் ஏற்றுவோம்’ என்றால், போடாதீர்கள். உதவி கேட்டுக் கையை உயர்த்திய பிள்ளையின் தாள் மூட்டையில் கிடக்கக் கூடாது. பிறகு, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கிறதா என்று கேளுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, உங்கள் கையெழுத்து மட்டும் போதாது. ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் இசைவையும் பெற வேண்டும். அதாவது உங்கள் மகனையும் கேட்க வேண்டும். வீட்டில் யாராவது அவனைக் கேட்டீர்களா? கடிதத்தில் உங்கள் கருத்து இருக்கிறது, மனைவியின் கருத்து இருக்கிறது, பையனின் கருத்தைக் காணோம்.

மகள் பத்தாம் வகுப்பு. கொஞ்ச நாளாக வீட்டிலும் முழுக்கைச் சட்டை போட்டாள். தற்செயலாகப் பார்த்துவிட்டேன், கையில் தழும்புகள். ‘அப்பாவிடம் சொல்லாதே’ என்று அழுகிறாள். சாவதற்காகவா செய்தாய் என்றால் இல்லை என்கிறாள். பிறகு எதற்கு? இது பைத்தியமா, காதலா, யாராவது செய்வினை வைத்தார்களா? எனக்குத் தூக்கமே இல்லை. (திண்டுக்கல் வாசகி)

பைத்தியமும் இல்லை, செய்வினையும் இல்லை. காதல் இருக்கலாம். பதினைந்து வயதில் இருந்தால் அதிசயமில்லை, ஆனால் அதைத் துருவ இது நேரமல்ல.

‘பிறகு எதற்கு’ என்ற உங்கள் கேள்வியை ஆய்வாளர்கள் பிள்ளைகளிடமே கேட்டிருக்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் கீத் ஹாட்டன் என்ற மனநல மருத்துவர் தம் வாழ்நாளை இந்த ஒரு விஷயத்துக்கே கொடுத்தவர். அவருடைய குழு இங்கிலாந்தில் 41 பள்ளிகளில், 15, 16 வயதுள்ள ஆறாயிரத்துச் சொச்சம் மாணவர்களிடம் பெயர் எழுதாத கேள்வித்தாளைக் கொடுத்தது. முந்தைய ஓராண்டில் தம்மைக் காயப்படுத்திக்கொண்டவர்கள் 6.9 சதவீதம். பெண் பிள்ளைகளில் 11.2, ஆண் பிள்ளைகளில் 3.2. காரணம் கேட்டபோது அதிகம் பேர் சொன்னது, தாங்க முடியாத மனநிலையிலிருந்து கொஞ்ச நேரம் விடுபட வேண்டியிருந்தது என்பதுதான். ‘மற்றவர்கள் கவனிக்க வேண்டும் என்று செய்கிறாள்’ என்று உறவினர்கள் எத்தனை சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள்! கவனிக்கப்பட வேண்டும் என்று செய்கிறவள் முழுக்கைச் சட்டை போட மாட்டாள்.

அந்த ஆய்வில் என்னை இன்றும் உறுத்துவது வேறோர் எண். காயப்படுத்திக்கொண்டவர்களில் மருத்துவமனைக்கு வந்தவர்கள் 12.6 சதவீதம்தான். எட்டுப் பேரில் ஒருவர். மற்ற ஏழு பேரும் எங்களைப் போன்ற மருத்துவர்கள் கண்ணில் படாமலே வளர்கிறார்கள். உங்கள் மகளை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். அந்த வகையில் அவள் நிலை பரவாயில்லை.

அவள் ‘சாவதற்காக இல்லை’ என்பதை நம்புங்கள். ஆனால் ஒரு முறை கேட்டதோடு விட்டுவிடாதீர்கள். இன்று இல்லாத எண்ணம் அடுத்த மாதம் வரலாம். இப்படிச் செய்கிற பிள்ளைகளுக்குப் பின்னாளில் தற்கொலை ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல் என்பது நன்றாக உறுதியான விஷயம். அதே நேரத்தில் நீங்கள் தூங்குவதற்கு ஒரு செய்தியும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1992இல் தொடங்கி, பள்ளிப் பிள்ளைகளை ஏறக்குறைய 29 வயது வரை விடாமல் பின்தொடர்ந்தார்கள். பதின்பருவத்தில் பன்னிரண்டில் ஒருவர் இப்படிச் செய்திருந்தார். அவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இருபதுகளில் அதை விட்டிருந்தார்கள். இதைப் படித்துவிட்டு ‘தானாகச் சரியாகிவிடும்’ என்று உட்கார்ந்துவிடாதீர்கள். மனச்சோர்வும் பதற்றமும் அந்தப் பிள்ளைகளிடம் கூடுதலாக இருந்தன. காயம் ஆறும்; சோர்வுக்குத் தனியாக வைத்தியம் வேண்டும்.

இன்று இரவு என்ன செய்வது? தலையில் அடித்துச் சத்தியம் வாங்காதீர்கள். அதை மீறும் நாளில் அவள் உங்களிடம் சொல்ல மாட்டாள், அவ்வளவுதான் சத்தியத்தின் பலன். தினமும் கையைத் தூக்கிக் காட்டச் சொல்லாதீர்கள். புதுக் காயம் இருந்தால் கேள்வி கேட்காமல் கழுவி மருந்து போடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, ‘அந்த நேரத்தில் எப்படி இருக்கும்? எனக்குச் சொல்லேன்’ என்று கேளுங்கள். கேட்டபின் நீங்கள் பேசாதிருப்பதுதான் கடினம், தெரியும். வீட்டில் இருக்கும் மாத்திரைகளையும், தோட்டத்துக்கு வாங்கிவைத்த பூச்சி மருந்தையும் பூட்டிச் சாவியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். தாங்க முடியாத நேரம் என்பது பெரும்பாலும் சிறிது நேரம்தான். அந்த நேரத்தில் கைக்கு எட்டாதிருப்பது பல உயிர்களைக் காத்திருக்கிறது.

இந்த வாரமே மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். புறநோயாளி சீட்டு வாங்கும் வரிசையில் தெரிந்தவர்கள் பார்ப்பார்களே என்று தயங்க வேண்டாம். அவர்களும் அங்கேதான் நிற்கிறார்கள். இந்த வயதினரிடம் நன்றாகச் சோதிக்கப்பட்டது டி.பி.டி. என்ற பேச்சு சிகிச்சை. கொந்தளிப்பு வரும்போது அதைக் காயமில்லாமல் கடப்பதற்கான திறன்களைப் பாடம்போலச் சொல்லித்தருவார்கள். நார்வேயில் ஓஸ்லோ நகரில் 77 பிள்ளைகளிடம் 19 வாரம் நடத்திப் பார்த்து, வழக்கமான சிகிச்சையைவிட மேலானது என்று 2014இல் எழுதினார்கள். அந்த வகுப்பில் பெற்றோரும் உட்கார வேண்டும் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. நம் மாவட்டங்களில் அதில் முழுப் பயிற்சி பெற்றவர்கள் குறைவு. அது கிடைக்கும் வரை காத்திருக்காதீர்கள். இருக்கிற ஆலோசகரிடம் தொடங்குங்கள்.

அப்பாவிடம் சொல்லத்தான் வேண்டும். எப்போது, என்ன வார்த்தையில், யார் சொல்வது என்பதை மகளோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள். அவர் கை ஓங்குகிற மனிதர் என்றால், முதலில் மருத்துவர் முன்னிலையில் சொல்லலாம்.

நாங்கள் அடி வாங்கித்தான் வளர்ந்தோம். இதெல்லாம் மேல்நாட்டு வியாதி. நீங்களும் எப்போது பார்த்தாலும் ஆஸ்திரேலியா, இங்கிலாந்து என்கிறீர்கள். (மதுரை வாசகர், வயது 71)

சரி, வேலூர் மாவட்டம் கணியம்பாடிக்கு வருவோம்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சமுதாய மருத்துவத் துறை அந்த வட்டாரத்தில் பல்லாண்டுகளாக வேலை செய்கிறது. ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள். ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு சுகாதாரப் பணியாளர். பிறப்பு, இறப்பு எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. ஓர் இறப்பு நடந்தால் செவிலியரும் மருத்துவரும் அந்த வீட்டுக்கும் அண்டை வீட்டுக்கும் போய், என்ன நடந்தது என்று பொறுமையாக விசாரிப்பார்கள். 1992 முதல் 2001 வரை நடந்த 10 முதல் 19 வயது வரையானவர்களின் இறப்புகளை இப்படி ஆராய்ந்து, 2004இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் பெண் பிள்ளைகளில் 148 பேர், ஆண் பிள்ளைகளில் 58 பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். அந்த வயதில் இறந்த பெண் பிள்ளைகளில் பாதி முதல் முக்கால் பங்கு வரை தற்கொலை. மேல்நாடுகளில் பையன்களே அதிகம் இறப்பார்கள். கணியம்பாடியில் கணக்கு தலைகீழ். இப்படி ஓர் எண் உலகத்தில் எங்கிருந்தும் அதற்கு முன் வந்ததாக நான் படித்ததில்லை.

அதே ஆண்டுகளில் செய்தித்தாளில் என்ன வந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். ‘தீராத வயிற்று வலியால் இளம்பெண் விபரீத முடிவு.’ தமிழ்நாட்டுப் பெண்களுக்கு மட்டும் ஏன் இப்படித் தீராத வயிற்று வலி வந்தது என்று நாம் யாரும் கேட்கவில்லை. உங்கள் காலத்திலும் இருந்தது, ஐயா. எண்ணிப் பார்க்க ஆள் இல்லை.

அடி விஷயம்: அடி வாங்கியும் நன்றாக வளர்ந்தவர்கள்தான் இன்று எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள். மற்றவர்களால் எழுத முடியாது.

அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். ஆண்டுக்கொரு முறை யாராவது வந்து மனநல விழிப்புணர்வு என்று ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போகிறார்கள். தியானப் பயிற்சியும் நடந்தது. இதனால் பலன் உண்டா? (கடலூர் வாசகி)

மாலை, பொன்னாடை, குழுப் படம் ஆகியவற்றுக்குப் பலன் உண்டு.

கோபத்தில் சொல்லவில்லை. இந்தத் துறையில் நல்லெண்ணத்துக்குப் பஞ்சமே இல்லை. நல்லெண்ணத்தைச் சோதித்துப் பார்க்கிற பொறுமைக்குத்தான் பஞ்சம். பிரிட்டனில் 85 பள்ளிகளில், எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம், ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து மனக்கவனத் தியானம் (மைண்ட்ஃபுல்னெஸ்) நடத்தினார்கள். 2022இல் முடிவு வந்தது: வழக்கமாகச் சொல்லித்தருவதைவிட மேலான பலன் இல்லை. நல்ல நம்பிக்கையோடு தொடங்கியவர்களே அதை மறைக்காமல் வெளியிட்டார்கள். அதற்கு நான் தலைவணங்குகிறேன்.

பலன் தந்த ஒன்றையும் சொல்கிறேன். ஐரோப்பாவில் பத்து நாடுகள், 168 பள்ளிகள், சராசரியாகப் பதினைந்து வயதுள்ள 11,110 மாணவர்கள். ஸ்வீடனைச் சேர்ந்த டானுட்டா வாசர்மன் தலைமையில் நடந்த சோதனை, 2015இல் வெளிவந்தது. மூன்று வழிகளைப் பார்த்தார்கள். ஆபத்தின் அடையாளங்களைக் கண்டுபிடிக்க ஆசிரியர்களுக்குப் பயிற்சி. கேள்வித்தாள் வைத்துச் சலித்து மருத்துவரிடம் அனுப்புதல். மூன்றாவதாக, பிள்ளைகளே பாத்திரங்களாகி நடித்து, சண்டை, தனிமை, நண்பனின் சோர்வு போன்றவற்றைப் பேசித் தீர்க்கும் சில மணி நேர வகுப்புகள். ஓராண்டு கழித்துப் பார்த்தால், சுவரொட்டி மட்டும் ஒட்டிய பள்ளிகளைவிடக் கணிசமான வித்தியாசம் காட்டியது மூன்றாவது ஒன்றுதான். புதிதாகத் தற்கொலைக்கு முயன்றவர்கள் அங்கே 0.70 சதவீதம், சுவரொட்டிப் பள்ளிகளில் 1.51. ஆசிரியர் பயிற்சியில் சொல்லும்படியான பலன் இல்லை.

இதை ஐரோப்பாவின் விசேஷம் என்று தள்ளிவிட முடியாதபடி பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் ஒன்று நடந்தது. மனநல மருத்துவர் விக்ரம் படேலின் குழுவினர் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் ஒரே திட்டத்தை இரண்டு விதமாக நடத்தினார்கள். சில பள்ளிகளில் அங்கேயே உள்ள ஓர் ஆசிரியர்; சிலவற்றில் அதற்கென்றே அமர்த்தப்பட்ட, மனநலப் பட்டம் எதுவும் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற ஓர் உள்ளூர் ஆலோசகர். ஆலோசகர் இருந்த பள்ளிகளில் மனச்சோர்வு குறைந்தது, அடிதடி குறைந்தது, சீண்டல் குறைந்தது, பள்ளி பிள்ளைகளுக்குப் பிடித்துப்போனது. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் அப்படி எதுவும் நடக்கவில்லை. 2018இல் வந்த ஆய்வு.

நீங்கள் வருந்த வேண்டாம். ஆசிரியர்களுக்கு அக்கறை இல்லை என்று இதற்குப் பொருளல்ல. மதிப்பெண் போடுகிறவரிடம், பெற்றோரை வரச் சொல்லி ஆள் அனுப்புகிறவரிடம், ஒரு பிள்ளை இரவில் தனக்கு வரும் எண்ணத்தைச் சொல்லுமா? நானாக இருந்தால் சொல்ல மாட்டேன். தேர்தல் பணி, கணக்கெடுப்பு, எமிஸ் என்ற கல்வித்துறை இணையதளப் பதிவேற்றம் எல்லாவற்றோடும் இதையும் உங்கள் தலையில் வைப்பது மலிவான வழி, அதனால்தான் அரசுகளுக்குப் பிடிக்கிறது. அடுத்த முறை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ‘பேச்சாளர் வேண்டாம், வாரம் முழுக்க இங்கேயே இருக்கும் ஓர் ஆள் வேண்டும்’ என்று தீர்மானம் எழுதுங்கள்.

செல்போனைப் பிடுங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் அல்லவா? (சேலம் வாசகர்)

சண்டை நிச்சயம். மற்றது நிச்சயமில்லை. போன்தான் காரணமா, சோர்ந்த பிள்ளை போனில் போய் ஒதுங்குகிறதா என்பதில் ஆய்வாளர்களே இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். இரவில் அது படுக்கையறையில் இருக்க வேண்டாம், உங்களுடையதும்தான். பிடுங்குவதற்கு முன், அதில் யாராவது அவனைக் கேலி செய்கிறார்களா என்று கேளுங்கள். பிரிட்டனில் இரண்டாயிரத்துச் சொச்சம் இரட்டைக் குழந்தைகளைப் ஐந்து வயதிலிருந்து பார்த்துவந்த ஆய்வில், அடிக்கடி சீண்டலுக்கு ஆளான பிள்ளைகள் பன்னிரண்டு வயதுக்குள் தம்மைக் காயப்படுத்திக்கொள்வது மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தது.

அக்கா மகன் பிளஸ் டூ முடிவு வந்த அன்று தவறான முடிவெடுத்துப் பிழைத்துக்கொண்டான். மருத்துவமனையில் போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனார்கள். வழக்கு வரும், அரசு வேலை கிடைக்காது என்று அக்கா பயப்படுகிறார். மறுபடி டாக்டரிடம் காட்டவும் மறுக்கிறார். (புதுக்கோட்டை வாசகர்)

மருத்துவமனை காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுப்பது நடைமுறை. அதனால் உங்கள் அக்கா மகன் குற்றவாளி ஆகிவிடவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 115ஆவது பிரிவில், இப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் சொல்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் இடம்பெறவே இல்லை. அக்காவுக்கு இந்தப் பத்தியை வாசித்துக் காட்டுங்கள்.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்கள்தான் மிகவும் கவனிக்க வேண்டியவை. காட்டாமல் இருப்பதில்தான் ஆபத்து. துணைத் தேர்வு இருக்கிறது, ஓர் ஆண்டு வீணாகாது என்பதையும் அவனிடம் சொல்லுங்கள். ஆனால் முதல் பேச்சே அதுவாக இருக்க வேண்டாம். முதலில் அவன் சாப்பிடட்டும், தூங்கட்டும். வீட்டுக்கு விசாரிக்க வரும் உறவினர்களை நீங்கள் வாசலிலேயே சமாளியுங்கள். தாய்மாமனுக்கு அந்த அதிகாரம் உண்டு.

நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். என் தோழி தன்னைக் காயப்படுத்திக்கொள்வதை என்னிடம் மட்டும் சொன்னாள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டேன். இப்போது செத்துவிடலாம் போலிருக்கிறது என்கிறாள். அம்மா வாங்கும் பத்திரிகையில் உங்கள் பதிலைப் படித்தேன். சொன்னால் அவள் என்னோடு பேச மாட்டாள். (ஊர் வேண்டாம்)

உன் கடிதத்தை ஆசிரியர் எனக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினார். இதழ் வரும்வரை காத்திருக்கக் கூடாது என்று நீ கொடுத்த முகவரிக்கு அன்றே பதில் அனுப்பிவிட்டோம். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கே மறுபடி எழுதுகிறேன்.

அந்தச் சத்தியத்தை மீறு. உன்னிடம் சொன்னது அவள் செய்த சரியான காரியம். மேலே சொன்ன ஹாட்டனின் இங்கிலாந்துப் பள்ளி ஆய்விலும் பிள்ளைகள் முதலில் தேடிப் போனது நண்பர்களைத்தான், மருத்துவரையோ ஆசிரியரையோ அல்ல. ஆனால் பதினாறு வயதில் ஒருத்தி மட்டும் தூக்கிச் சுமக்கிற விஷயம் இல்லை இது. அவளுக்குத் தெரியாமல் போய்ச் சொல்லாதே. ‘நீ சொன்னதிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு பெரியவரிடம் சொல்லப் போகிறேன். யாரிடம் சொல்லலாம் என்று நீயே சொல்’ என்று அவளிடமே கேள். கோபித்துக்கொள்வாள். சில நாள் பேசாமலும் இருக்கலாம். உயிரோடு இருந்து கோபித்துக்கொள்ளட்டும்.

அவள் யாரையும் சொல்லாவிட்டால் நீயே தேர்ந்தெடு. உன் அம்மா, அவளுடைய சித்தி, நூலக ஆசிரியை, யாராக இருந்தாலும் சரி, கத்தாமல் கேட்கிறவராக இருக்க வேண்டும். 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் இலவசமாகப் பேசலாம்; தமிழில் பேசுவார்கள். 104 என்ற எண்ணும் உண்டு. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு 1098. சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா அமைப்பின் எண் 044-24640050. தோழிக்காகத்தான் பேசுகிறேன் என்று சொன்னாலும் கேட்பார்கள். இன்று இரவு ஏதாவது செய்துகொள்வாள் என்று உனக்குத் தோன்றினால் இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருக்காதே. அவளைத் தனியாக விடாமல், அவள் வீட்டுப் பெரியவரை உடனே அழை, அல்லது 108ஐக் கூப்பிடு.

நீ சொல்லும் பெரியவர் ‘இந்த வயதில் எல்லோரும் இப்படித்தான் பேசுவார்கள், போய்ப் படி’ என்றால், அவரை விட்டுவிட்டு அடுத்தவரிடம் போ.